யார் காசில் ஆராய்ச்சி?

ஃபிக்சட் டெபாசிட் போட வங்கிக்குப் போனவர் யூலிப் பாலிசியோடு வீடு திரும்பினார். 2000-களில் இது ஊருக்கு ஊர் நடந்த கதை. "மூணு வருஷம் கட்டினா போதும் சார்" என்பதுதான் அன்றைய மந்திரம்! முதல் ஆண்டு பிரீமியத்தில் 40 சதவீதம் வரை கமிஷன் தரச் சட்டமே இடம் கொடுத்த காலம் அது.

இப்படி மக்கள் மொத்தம் எவ்வளவு இழந்தார்கள்? விற்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கைப் போடுமா? போடாது. பத்திரிகையாளர் மோனிகா ஹலன், ஆய்வாளர்கள் ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகிய மூவர் போட்டார்கள். 2004-05 முதல் 2011-12 வரை தவறாக விற்கப்பட்ட பாலிசிகளால் ஏற்பட்ட இழப்பு சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் என்பது 2014-ல் ஆய்விதழில் வெளியான அவர்களின் மதிப்பீடு.

'அதற்குத்தான் செபி, ஐ.ஆர்.டி.ஏ. இருக்கிறதே, வெளி ஆள் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் சொன்னது செபியேதான்.

ஆனால் ஒழுங்குமுறை அமைப்புக்கு எல்லைக்கோடு உண்டு. 2010 ஏப்ரலில் 14 இன்சூரன்ஸ் நிறுவனங்கள் யூலிப் மூலம் பணம் திரட்ட செபி தடை போட்டது. ஐ.ஆர்.டி.ஏ. எதிர்த்தது. யூலிப் யாருடைய எல்லை என்ற சண்டை, ஜூன் மாத அவசரச் சட்டத்தில்தான் முடிந்தது. வெளியில் இருக்கும் ஆய்வு நிறுவனத்துக்கு இந்த வேலி கிடையாது. அமைப்பின் விதியே தப்பு என்றாலும் அது சொல்லலாம்.

சரி, அந்த ஆய்வு நிறுவனத்துக்குச் சோறு போடுவது யார்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. தரக்குறியீடு வாங்கும் கம்பெனியே அதற்குக் கட்டணமும் கட்டுகிறது. 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். தவணை தவறுவதற்குச் சில வாரங்கள் முன்பு வரை அதற்கு மிக உயர்ந்த குறியீடுதான் இருந்தது! ஃபண்டு கம்பெனியின் நன்கொடையில் ஃபண்டுகளைப் பற்றி ஆராய்ந்தால் அதே கதைதான் நடக்கும்.

அதனால் மூன்று விஷயங்கள் வேண்டும். பணம் கொடுத்தவர் பெயர் ஆய்வின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கும்படி கணக்கு முறை வெளியாக வேண்டும். ஒழுங்குமுறை அமைப்புகள் தங்களிடம் உள்ள விவரங்களை, தனிநபர் அடையாளத்தை நீக்கிவிட்டு, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? ஏழு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் டிவிடெண்ட் எல்லாம் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குத்தான் போகிறது. அதில் ஒரு சிறு பங்கை, நிறுவனங்களும் அரசும் தலையிடாத ஒரு குழு மூலம் இதற்குத் தரலாமே! அது முதலீட்டாளரின் பணம். அவருக்காகக் கணக்குப் போடவே செலவாகட்டும்.

அடுத்த முறை 'சுதந்திர ஆய்வு' என்று எதையாவது படித்தால், முடிவைப் பார்க்கும் முன் காசு கொடுத்தவர் யார் என்று பாருங்கள்.