ஒளியும் ஒளிதலும்: ஒளிர்புரதங்களுக்குப் பெயரிடுதல் குறித்து

'ஒளியால் தூண்டப்படும் ஒளிர்புரதம்' என்று எழுதினால் தமிழ் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? ஒளிர்புரதம் எதுவாயினும் ஒளியால் தூண்டப்பட்டே ஒளிர்கிறது. ஒரு சிறு பிரிவுக்கு வைத்த பெயர் இனம் முழுமைக்கும் பொருந்துமாயின், அது பெயரின் வேலையைச் செய்யவில்லை என்பதே பொருள். இது சொல் விளையாட்டு அன்று. புரதத்தின் உள்ளே நிகழும் வேதிமாற்றத்தை மாணவர் அறிகிறாரா, இல்லையா என்பதே இங்குள்ள வினா.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையிலும் 2020 நவம்பரில் மும்பை ஜூஹுவிலும் அலைகள் நீலமாக மின்னியதைப் பலரும் கண்டு வியந்தனர். அது நுண்ணுயிர்கள் தம் உடலின் வேதிவினையால் தாமே உண்டாக்கிய ஒளி, உயிரொளிர்வு. வெளியிலிருந்து ஒளியைப் பெற்று, அதைச் சற்றே நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தருவது உடனொளிர்வு. ஏக்வோரியா விக்டோரியா என்னும் இழுதுமீனில் இரண்டும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. ஏக்வோரின் என்னும் புரதம் கால்சியத்தோடு சேர்ந்து நீல ஆற்றலை வெளியிட, பச்சை ஒளிர்புரதம் அதைப் பெற்றுப் பச்சை ஒளியாக மாற்றுகிறது. ஒசாமு ஷிமோமுரா 1962இல் இவற்றைப் பிரித்தறிந்தார். இவ்வழி வந்த ஆய்வுகளுக்கு 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பச்சை ஒளிர்புரதம் 238 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதன் 11 பீட்டா இழைகள் சுற்றி நின்று ஒரு பீப்பாயின் வடிவைத் தருகின்றன. பீப்பாயின் நடுவே 65, 66, 67ஆம் இடங்களிலுள்ள செரின், டைரோசின், கிளைசின் ஆகிய மூன்றும் தாமே வளைந்து இணைந்து நிறந்தாங்கியாகின்றன. இதற்கு ஆக்சிஜன் தவிர வெளித்துணை எதுவும் வேண்டா. ஆகவேதான் இப்புரதத்தின் மரபணுவை வேறோர் உயிரணுவில் சேர்த்தாலும் அங்கும் அது ஒளிர்கிறது. பீப்பாயின் சுவர் நிறந்தாங்கியை நீரிடமிருந்து காக்கிறது. சுவரிலுள்ள ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் உள்ளிருக்கும் ஒளியின் இயல்பே மாறிவிடும்.

அத்தகைய மாற்றங்களிலிருந்தே சிறப்புப் பிரிவு பிறக்கிறது. அது ஒன்றன்று, மூன்று.

முதல் வகையை 2002இல் ஜார்ஜ் பேட்டர்சனும் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் உருவாக்கினர். 203ஆம் இடத்துத் திரியோனினுக்கு மாற்றாக ஹிஸ்டிடினை அமைத்தனர். அப்புரதம் 488 நானோமீட்டர் ஒளியில் ஏறக்குறைய இருண்டே கிடக்கும். 413 நானோமீட்டர் ஒளியை வலுவாகப் பாய்ச்சினால் 222ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது. நிறந்தாங்கி மின்னூட்டம் பெற்ற நிலைக்கு மாறுகிறது. ஒளிர்வு சுமார் 100 மடங்கு பெருகுகிறது. இம்மாற்றம் மீளாதது.

இரண்டாம் வகைக்குச் சான்று, அதே 2002இல் ஜப்பானில் அட்சுஷி மியவாக்கி குழுவினர் பவளவுயிர் ஒன்றிலிருந்து பெற்ற கைடே. புற ஊதா ஒளி பட்டதும் இதன் புரதச் சங்கிலி நிறந்தாங்கியின் அருகே அறுபடுகிறது, பச்சை சிவப்பாகிறது. இதுவும் மீளாதது.

மூன்றாம் வகை 2004இல் அதே குழுவினர் அறிவித்த டிரோன்பா. நீல ஒளியால் அணையும். 405 நானோமீட்டர் ஒளியால் மீண்டும் எழும். இங்கே எதுவும் அறுபடுவதில்லை. நிறந்தாங்கி ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புகிறது, அவ்வளவே. ஆகவே இதைப் பன்முறை அணைத்து எழுப்பலாம்.

ஜப்பானியர் பெயரிட்ட முறை கவனத்திற்குரியது. கைடே என்பது இலை பச்சையிலிருந்து சிவப்பாகும் மேப்பிள் மரம். 'டிரோன்' என்பது நிஞ்சா வீரன் சட்டென மறைவதைக் குறிக்கும் வழக்கு. பெயரைக் கேட்டதும் அவர்கள் மாணவருக்குப் புரதத்தின் செயல் தெரிந்துவிடுகிறது.

பெயர் அவ்வளவு முக்கியமா என்று கேட்போர்க்கு இந்திய அறிவியலிலேயே விடை உண்டு. 1923இல் கொல்கத்தாவில் ராமனின் வழிகாட்டலில் கே. ஆர். ராமநாதன் திரவங்களில் சிதறிய ஒளியில் ஒரு நிறமாற்றத்தைக் கண்டார். அதற்கு 'வலுவற்ற உடனொளிர்வு' என்று பெயர் வைக்கப்பட்டது. திரவத்தை எவ்வளவு தூய்மைப்படுத்தியும் அது நீங்கவில்லை. 1928 தொடக்கத்தில் ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் அவ்வொளி வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதைக் கண்டனர். அது உடனொளிர்வு அன்று என்பது அதனால் உறுதியாயிற்று. ராமன் விளைவு பிறந்தது. காலத்தாழ்வுக்குப் பெயர் ஒன்றே காரணமன்று. ஆயினும் பழைய பெயர் ஒட்டியிருந்தவரை, புதியதொன்று கண்முன் இருந்தும் புதியதாகத் தோன்றவில்லை.

இன்று இவ்வினா மும்பைத் தமிழருக்கு அண்மையிலேயே இருக்கிறது. வாஷியிலிருந்து ஒருபுறம் சென்றால் கார்கரில் டாட்டா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆய்வு வளாகம். கடற்கழியைக் கடந்து மறுபுறம் சென்றால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். தொலைவில் கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த மாணவி இவற்றுள் ஒன்றில் நுழையும் நாளில், அவள் கற்ற தமிழ் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. சிந்தித்த மொழிக்கும் ஆய்வு மொழிக்கும் இடையே பாலமாக வேண்டியவை கலைச்சொற்களே.

ஒலிபெயர்ப்பே போதும் என்பாரின் வாதம் பாதி சரி. கைடே, டிரோன்பா போன்ற தனிப்பெயர்களை அப்படியே எழுதுவதே முறை. யாரும் வழங்காத சொற்களைக் குவிப்பதும் வீண். ஆனால் வகைப்பெயர்கள் விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். 'துலங்கு ஒளிர்புரதம்', 'நிறமாறு ஒளிர்புரதம்', 'அணைந்தொளிர் புரதம்' என மூன்றையும் வேறுபடுத்தலாம். துலங்கு, மாறு, ஒளிர் ஆகியவை வினைத்தொகையாக நின்று முக்காலத்தையும் சுட்டுவதால், நிலைமாறும் பொருளுக்கு இவ்வமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. 'ஒளி' என்பது தமிழில் வெளிச்சத்தையும் குறிக்கும், மறைதலையும் குறிக்கும். டிரோன்பாவின் இயல்பு அவ்விரு பொருளுக்குள்ளும் அடங்குகிறது.

மூலக்கூறுகளைச் சிலசிலவாக எழுப்பி அணைக்கும் இத்திறத்தைக் கொண்டே, 200 நானோமீட்டர் அளவில் நின்றிருந்த ஒளி நுண்ணோக்கியின் எல்லையை 2006இல் எரிக் பெட்சிக் குழுவினர் கடந்தனர். 2014ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் பெட்சிக்கும் ஒருவர். எல்லாம் ஒருங்கே ஒளிர்ந்தால் எதுவும் தனித்துத் தெரியாது என்பதே அம்முறையின் அடிப்படை. கலைச்சொல்லுக்கும் அதுவே அளவுகோல். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சுருக்கம் எழுதுவோர், உயிரியலாரும் மொழியியலாரும் சேர்ந்தமர்ந்து, தம் துறையின் பத்துச் சொற்களையேனும் இவ்வளவுகோலால் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.