கணவரின் கையெழுத்து

செகந்திராபாதில் ஒரு நர்ஸிங் ஹோம். சில வருடங்களுக்கு முன் தோழிக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒன்பது வாரக் கர்ப்பம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். கவுன்ட்டரில் இருந்த பெண் ஃபாரத்தை நீட்டி, "மீ பர்த்த சந்தகம் காவாலி" என்றார். கணவரின் கையெழுத்து வேண்டுமாம். கணவரோ ஆபீஸ் வேலையாக விஜயவாடாவில். அவருக்கு விஷயமே தெரியாது.

சட்டம் அந்தக் கையெழுத்தைக் கேட்கவில்லை. 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்த கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும் என்கிறது. 2021ல் திருத்தியபோதும் இதில் கைவைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறார்கள். நாளைக்குக் கணவர் வந்து சண்டை போட்டால் என்ற பயம். தன்னைக் கேட்காமல் கருவைக் கலைத்ததாக மனைவி மீதும் டாக்டர்கள் மீதும் நஷ்டஈடு கேட்டு ஒருவர் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2017ல் தள்ளுபடியானது. தாம்பத்தியத்துக்கு இசைவது பிள்ளை பெற இசைவதாகாது என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2011லேயே சொல்லியிருந்தது.

ஆனால் 2007ல் சமர் கோஷ் விவாகரத்து வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட், மருத்துவக் காரணமோ கணவரின் சம்மதமோ இல்லாமல் மனைவி கருவைக் கலைப்பது மனக் கொடுமை ஆகலாம் என்றது. கலைக்கும் உரிமை அவளுக்கு. அதையே காட்டி விவாகரத்து கேட்கும் வழி அவருக்கு. (அந்தத் தீர்ப்பில் மனைவி செய்துகொள்ளும் 'வாசக்டமி' பற்றியும் ஒரு வரி வருகிறது. அது ஆண்களுக்கான ஆபரேஷன் என்பதை யாரும் கவனிக்கவில்லை போலும்.)

தோழி ஃபோன் செய்தாள். அவர் மறுநாள் வந்தார், கையெழுத்துப் போட்டார், பேசவில்லை. மாமியாரிடம் "கலைஞ்சு போச்சு" என்று சொல்வதாக முடிவு. தமிழில் கலைந்ததற்கும் கலைத்ததற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தை மறைப்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அவளுக்குக் குற்ற உணர்ச்சி இல்லை, நிம்மதிதான். சண்டை வேறு விஷயத்தில். "எங்கிட்ட ஏன் முதல்லயே சொல்லலை?" என்று அவர். "மூணாவது வேண்டாம்னு தெரியுமில்ல, நீங்க ஏன் ஆபரேஷன் பண்ணிக்கலை?" என்று அவள். அவர் மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3.

அமெரிக்காவில் சுமார் ஆயிரம் பெண்களை ஐந்து வருடம் தொடர்ந்து விசாரித்த ஓர் ஆய்வில், கருவைக் கலைத்தவர்களுக்கும் கலைக்க வந்து மறுக்கப்பட்டவர்களுக்கும் ஆணுடனான காதல் உறவு முறிந்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பலர் மணமாகாதவர்கள். மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் என் தோழி வீட்டில் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது. அவர்கள் பிரியவில்லை. நர்ஸிங் ஹோமுக்கு முன்பே இருந்த பேச்சுதான் இன்னும் ஓடுகிறது.

போன மாதம் போயிருந்தேன். டீ கொடுத்தபடி அவரே சொன்னார், செப்டம்பரில் ஆபரேஷனுக்கு லீவு போட்டிருப்பதாக.

"மூணு வருஷமா செப்டம்பர்தான்" என்றாள் அவள், சமையலறையிலிருந்து.