சிலை போதாது

சென்னை மெரினாவில் 1959 முதல் நிற்கிறது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை. நால்வர் பாறையோடு மல்லுக்கட்டுகிறார்கள்; முறுக்கேறிய தசைகள் தெரிகின்றன, கதை தெரியவில்லை. 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியாவோ அடையாறு பிரம்மஞான சபைக்காரர்.

இக்கதைகளைச் சொல்ல ஓர் அருங்காட்சியகம் வேண்டும். இலங்கையில், கம்பளை அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் அறைகளே அருங்காட்சியகமாகிவிட்டன. அவர்கள் புழங்கிய சாமான்கள்தாம் காட்சிப்பொருள்கள். பளிங்கு மண்டபம் தேவைப்படவில்லை.

சென்னையிலோ சங்கச் சந்தா ரசீது, ஆலை அடையாள வில்லை, தேய்ந்த கரண்டி, கரி இஸ்திரிப்பெட்டி எல்லாம் பரணில் கிடந்து கடைசியில் பழைய இரும்புக்கடைக்குத்தான் போகின்றன. மயிலாப்பூரிலோ அடையாறிலோ பூட்டிக் கிடக்கும் ஒரு மாநகராட்சிக் கட்டடத்தை இவற்றைக் காக்கும் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாம்.