தபால்காரர் தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனி

பாட்டை எழுதியவர் ஒருவர். அதற்கு மெட்டுப் போட்டுப் பாடியவரும் அவரே. ஆனால், ஒலிப்பதிவு செய்யப்பட்ட அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்? அமெரிக்க இசை உலகத்தை இன்று ஆட்டி வைக்கும் கேள்வி இது.

2025-ம் ஆண்டு மே மாதம், பிரபல பாடகி டெய்லர் ஸ்விப்ட் தமது முதல் 6 ஆல்பங்களின் மூலப் பதிவுகளை ஒரு முதலீட்டுக் கம்பெனியிடம் விலை கொடுத்து வாங்கினார். தம் குரலைத் தாமே காசு கொடுத்து மீட்க வேண்டிய நிலை! 2020-ல் பாப் டிலன் இதற்கு நேர்மாறாக, தாம் எழுதிய பாடல்களின் உரிமையை யூனிவர்சல் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

விற்கவும் வேண்டாம், பிறகு மீட்கவும் வேண்டாம் என்று மூன்றாவது வழி ஒன்றை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர் ஜான் பிரைன்.

யார் இவர்?

சிகாகோ நகரை அடுத்த மேவுட்டில் 1946-ல் பிறந்தவர் பிரைன். ராணுவத்தில் சேர்ந்து மேற்கு ஜெர்மனியில் இருந்தார். ஊர் திரும்பித் தபால்காரராக வேலை பார்த்தார். தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்துக்கொண்டே மனத்துக்குள் பாட்டுக் கட்டினார். 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையும் ராக் இசையும் கலந்த பாட்டுகள் அவை.

1971-ல் அவர் பாடியதைக் கேட்ட பாடகர் கிரிஸ் கிறிஸ்டாபர்சன், அவரை நியூயார்க் மேடையில் ஏற்றினார். அட்லாண்டிக் கம்பெனி உடனே ஒப்பந்தம் செய்துகொண்டது. போதைக்கு அடிமையான போர்வீரன், முதுமையில் தனித்து வாடும் தம்பதி, நிலக்கரிக்காகத் தோண்டி அழிக்கப்பட்ட ஊர்: இவையே முதல் ஆல்பத்தின் பாத்திரங்கள்.

குத்தகை நிலம்

விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை அந்த அளவுக்கு இல்லை. அட்லாண்டிக்கில் 4, அசைலம் கம்பெனியில் 3 என்று ஆல்பங்கள் வந்தன. 1980-க்குப் பிறகு பிரைன் பெரிய கம்பெனிகளை விட்டு விலகினார்.

பெரிய கம்பெனியின் கணக்கு பொதுவாக இதுதான்: முன்பணம் தருவார்கள். அதையும் ஒலிப்பதிவுச் செலவையும் பாடகர் பெயரில் பற்று எழுதுவார்கள். பற்றுத் தீரும்வரை அவருக்கு விற்பனைப் பங்கு கிடையாது. தீர்ந்த பிறகும் மூலப் பதிவு கம்பெனிக்கே! குத்தகை நிலத்தில் எவ்வளவு விளைந்தாலும் நிலம் உழுதவனுக்குச் சொந்தமாவதில்லை அல்லவா?

தபாலில் வந்த மூலதனம்

1981-ல் தம் மேனேஜர் அல் பனெட்டாவுடன் சேர்ந்து, 'ஓ பாய்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார் பிரைன். ஆல்பம் வெளிவருமுன்பே ரசிகர்கள் தபாலில் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணமே ஆல்பச் செலவுக்குப் போதுமானதாக இருந்தது. 1984-ல் 'எய்ம்லெஸ் லவ்' வெளிவந்தது. கடிதம் சுமந்தவருக்குத் தபாலே மூலதனம் கொண்டுவந்தது!

1991-ல் வெளிவந்த 'தி மிஸ்ஸிங் இயர்ஸ்' கிராமி பரிசு பெற்றது. 1998-ல் கழுத்தில் புற்றுநோய். சிகிச்சைக்குப் பின் குரல் கரகரத்தது. ஆனாலும் 2005-ல் வந்த ஆல்பத்துக்கு மீண்டும் கிராமி. 2018-ல், 71 வயதில் அவர் வெளியிட்ட ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 5-வது இடத்தைப் பிடித்தது. பெரிய கம்பெனிகளில் இருந்தபோது எட்டாத இடம் அது!

எல்லோராலும் முடியுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரைனின் பெயரை முதலில் நாடெங்கும் கொண்டுசென்றது பெரிய கம்பெனியின் பலம்தான். அதற்கு அவர் கொடுத்த விலை, இளமைக் காலப் பதிவுகள். 2000-ம் ஆண்டில் பழைய பாட்டுகள் பலவற்றை மீண்டும் பாடித் தம் கம்பெனியிலேயே வெளியிட்டார். டெய்லர் ஸ்விப்ட் 2021 முதல் கையாண்ட வழியும் இதுவே.

இன்று இன்டர்நெட் மூலம் யாரும் பாட்டை வெளியிடலாம். கம்பெனி வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால், கடலில் விழுந்த துளிபோல் அது காணாமல் போகிறது. வெளியிடுவது எளிது, கேட்பவரைத் தேடிக்கொள்வதுதான் கடினம். பிரைனைக் காப்பாற்றியது லட்சக்கணக்கான கூட்டம் அல்ல. நம்பி முன்கூட்டியே பணம் அனுப்பிய சிறு கூட்டம்.

2020 ஏப்ரல் 7-ந் தேதி கொரோனாவுக்கு அவர் பலியானார். வயது 73. 'ஓ பாய்' கம்பெனியை அவர் குடும்பத்தார் நடத்தி வருகிறார்கள். பாட்டுக் கட்டத் தெரிந்த இளைஞர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பிரைனின் கதையை ஒரு முறை படிப்பது நல்லது. புகழைப் பிறர் தேடித் தரலாம். உரிமையைத் தாமேதான் காத்துக்கொள்ள வேண்டும்.