ஒரு ரிலே செட்டிங்... இருளில் மூழ்கிய 60 கோடி பேர்! 2012 மெகா மின்தடையின் பின்னணி என்ன?

வீட்டில் ஏசி, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் எம்சிபி டப்புன்னு விழும். ஒயரில் கோளாறு இருக்காது, லோடுதான் அதிகம். கிட்டத்தட்ட இப்படி ஒரு சம்பவம்தான் 2012-ல் பாதி இந்தியாவை இருட்டாக்கியது.

என்ன நடந்தது?

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்தில் பினா - குவாலியர் இடையிலான 400 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆனது. அடுத்த சில நொடிகளில் டெல்லி உட்பட வட மண்டலமே சரிந்தது. மறுநாள் பகல் 1 மணிக்கு மீண்டும் அதே லைன்! இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என 3 மண்டலங்கள் விழுந்தன. மெட்ரோ ரயில்கள் நின்றன. மேற்கு வங்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கு அடியில் சிக்கினர்.

லைனில் ஷார்ட் சர்க்யூட்டா? இல்லை. அப்புறம் ஏன் ட்ரிப் ஆச்சு?

ரிலே போடும் கணக்கு

லைனைக் காவல் காப்பது ரிலே. வோல்டேஜை கரண்டால் வகுத்து, வரும் ஓம் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது செட்டிங்கைவிடக் குறைந்தால் 'ஃபால்ட்' என்று முடிவு செய்து லைனைத் துண்டிக்கும்.

இதில் 3 எல்லைகள் உண்டு. ஸோன் 1, லைனில் சுமார் 80% தூரம் வரை பார்க்கும், உடனே துண்டிக்கும். ஸோன் 2, மீதி தூரத்துக்கு, சற்று தாமதிக்கும். ஸோன் 3, அடுத்த லைனுக்கும் பேக்-அப். இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். தூரம் அதிகம் என்பதால் ஸோன் 3-ன் ஓம் செட்டிங்கும் பெரிசு. சிக்கலே இங்கேதான்.

எளிமையாக ஒரு உதாரணம்: 2,31,000 வோல்ட், 1,000 ஆம்பியர் என்றால் 231 ஓம். லோடு ஏறி கரண்ட் 2,000 ஆம்பியர் ஆகி, வோல்டேஜ் 2,08,000 ஆக இறங்கினால் 104 ஓம்தான். செட்டிங் 110 ஓம் என்றால்? லோடையே ஃபால்ட் என நினைத்து ரிலே துண்டித்துவிடும். பினா - குவாலியரில் நடந்ததும் இந்த வகைதான்.

ரிலே மட்டும்தான் காரணமா?

இல்லை. பக்கத்து லைன் மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மாநிலங்கள் ஒதுக்கீட்டைவிட அதிகமாக மின்சாரம் இழுத்தன. விசாரணைக் குழு இதையெல்லாம் சுட்டிக்காட்டி, பாதுகாப்பு அமைப்புகளைத் தணிக்கை செய்யவும் பரிந்துரைத்தது.

அதற்காக செட்டிங்கை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. நிஜமான ஃபால்ட் வரும்போது பேக்-அப் வேலை செய்யாமல் போனால் கருவிகள் எரியும், உயிருக்கும் ஆபத்து. அதனால், அதிகபட்ச லோடு எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று பார்த்துத்தான் செட்டிங் போடணும். லைன்களும் லோடும் மாறும்போதெல்லாம் மறுபடி கணக்குப் போடணும்.

நமக்கு என்ன?

அன்று தமிழ்நாடு தப்பியது. காரணம், தென் மண்டலம் தனி கிரிட். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக அதுவும் தேசிய கிரிட்டில் இணைந்தது. வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவது இதனால் எளிதானது. ஆனால், எங்கோ ஒரு துணை மின்நிலையத்தில் பழைய செட்டிங் மாறாமல் கிடந்தால், அது இனி நம்ம பிரச்னையும்தான்.