ஊர்ப்பள்ளி ஊராரிடம் வரவேண்டும்!

நாட்டுரிமை பற்றி மேடைதோறும் முழங்குகின்றோம். மொழியுரிமை பற்றித் தெருத்தெருவாய்ச் சுவரொட்டி ஒட்டுகின்றோம். ஆனால், நம் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு பணம் வருகின்றது, அதனை யார் தருகின்றனர், யார் செலவிடுகின்றனர், அங்குப் பயிலும் பிள்ளை மூன்றாம் வகுப்பை முடிக்கையில் தமிழில் ஒரு பத்தியைத் தட்டுத்தடங்கலின்றிப் படிக்கின்றதா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலார் விழிப்பர். மொழி வாழ்வதும் மாள்வதும் மேடையில் அன்று. இரண்டே ஆசிரியரும் ஐந்து வகுப்புகளும் கொண்ட அந்தச் சிற்றூர்ப் பள்ளியின் தாழ்வாரத்தில்தான். எனவே அப்பள்ளியின் ஆட்சி, பணம், பயன் ஆகிய மூன்றையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தொடக்கப்பள்ளிகளும் நடுநிலைப்பள்ளிகளும் 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்னும் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. பெயர்ப்பலகையில் ஒன்றியம் இருக்கின்றது. பள்ளியின் ஆட்சியில் ஒன்றியம் இல்லை. இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று.

வெள்ளையராட்சிக் காலத்திலேயே, 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக்கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்விவரி தண்டிக்கொள்ள வழிசெய்தது. அதே ஆண்டில், தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்கு நண்பகலுணவு தர முடிவு செய்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடுவதென்று வரம்பும் கட்டிக்கொண்டது. அத்திட்டம் பிற பள்ளிகட்கும் விரிந்தது. ஆனால், தொடக்கக்கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக்கூடாதென மேலரசு தடுத்தமையால், 1925 ஏப்பிரலில் அது நின்றுபோயிற்று. பசித்த பிள்ளையைக் கண்ணெதிரே கண்டவர்கள் சோறிட்டார்கள். அப்பிள்ளையைக் கண்டிராதவர்கள் தாளில் ஒரு வரி எழுதி நிறுத்தினார்கள். பணப்பையின் வாய்க்கயிற்றைப் பிடித்திருப்பவனே பள்ளியையும் பிடித்திருக்கின்றான் என்னும் உண்மையை நூறாண்டுக்கு முன்பே நமக்குக் காட்டிய நிகழ்ச்சி அது.

பின்னர்க் காமராசர் காலத்தில் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே மீண்டும் ஓர் உறவு மலர்ந்தது. 1956-இல் தொடங்கிய நண்பகலுணவுத் திட்டத்தில் அரசு ஒரு பங்கும் ஊரார் ஒரு பங்கும் ஏற்றனர். நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி நாடெங்கும் பரவின. நிலம் உள்ளவர் நிலம் தந்தனர். மரம் உள்ளவர் விசிப்பலகை செய்து தந்தனர். ஒன்றும் இல்லாதவர் தம் உழைப்பைத் தந்தனர். அதே 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் உருவான ஒன்றியங்களிடம் தொடக்கப்பள்ளிகள் ஒப்படைக்கப்பெற்றன.

1981 சூன் முதல் ஒன்றியப்பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியர்க்கு அது வேண்டுவதே. ஒன்றியத் தலைவர்களின் விருப்பு வெறுப்புக்கேற்ப ஊர்விட்டு ஊர் பந்தாடப்பட்ட துன்பத்தினின்று அவர்கள் மீண்டனர். ஆயினும், ஆசிரியரைக் காப்பதற்காகச் செய்த அச்செயலோடு, பள்ளியைப் பற்றிக் கேட்கும் உரிமையும் ஊராரிடமிருந்து நழுவிப்போயிற்று. கட்டடம் ஒன்றியத்தினுடையது, ஆசிரியர் சென்னையினுடையவர், பாடத்திட்டமும் சென்னையினுடையது. பிள்ளை மட்டுந்தான் ஊரினுடையது!

சென்னைக்கு மேலே தில்லி வந்தமர்ந்தது. மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் இயற்றிய 42-ஆவது சட்டத்திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குக் கொண்டு சென்றனர். 2018-இல் 'சமக்ர சிக்சா' எனச் சமற்கிருதப் பெயர் சூட்டிய திட்டத்தின்கீழ்ப் பள்ளிக்கல்விக்கான பணங்களையெல்லாம் ஒன்றாக்கினர். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு இந்திய அரசும் நாற்பது பங்கு மாநில அரசும் தரவேண்டும். அந்த அறுபது பங்கு தில்லியாரின் கைப்பணமா? அன்று; நாம் செலுத்திய வரி, தில்லி சென்று திரும்பும் பணம். அதனைத்தான், 'பி.எம்.சிறீ' பள்ளித் திட்டத்திற்கும் அதன்வழிப் புதிய கல்விக் கொள்கைக்கும் கையெழுத்திட்டுக் கொடுத்தாலன்றித் தரமாட்டோம் என்று கூறி, 2024–25-ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி உருபாவைத் தில்லி நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டரசு 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. 1925-இல் ஓரணாச் சோற்றை நிறுத்திய கைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தில்லியை மட்டும் குற்றங்கூறி அமைவது நமக்கு எளிது; ஆனால் அது முழு உண்மையாகாது. தில்லி சென்னைக்குச் செய்வதையே சென்னை சிற்றூர்க்குச் செய்கின்றது. 1992-இன் 73-ஆவது சட்டத்திருத்தம், ஊராட்சிகட்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களின் பட்டியலில் தொடக்கக்கல்வியையும் இடைநிலைக்கல்வியையும் சேர்த்தது. கொடுக்க வேண்டியது மாநிலம், கொடுத்ததா? ஊராட்சித் தேர்தலையே உரிய காலத்தில் நடத்தவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின்னர், 2019 திசம்பர் வரை ஊரகத் தேர்தல் இல்லை; ஒன்பது மாவட்டங்கட்கு 2021 அக்டோபர் வரை இல்லை. 2025 சனவரியில் மீண்டும் 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றன. ஊர்க்கே ஆட்சியில்லாதபோது ஊர்ப்பள்ளிக்கு ஏது ஆட்சி?

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கின்றது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நல்ல ஏற்பாடுதான், 2022-இலும் 2024-இலும் தமிழ்நாட்டில் அக்குழுக்கள் புதுப்பிக்கவும் பெற்றன. ஆனால் அக்குழு ஆள்வதற்கு அதன் கையில் என்ன இருக்கின்றது? திட்டத்தின் அளவுமுறைப்படி, முப்பது பிள்ளைகள் வரை பயிலும் பள்ளிக்கு ஓராண்டு நல்கை 10,000 உருபா. நூறு பிள்ளைகள் வரை 25,000 உருபா. பத்தாயிரத்தைப் பன்னிரண்டு திங்களுக்குப் பகுத்தால் திங்களுக்கு 833 உருபா. அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கென ஒதுக்கப்படல் வேண்டும். எஞ்சியதில் சுண்ணக்கட்டியும் பழுதுபார்ப்பும் பிறவும்! இதற்குக் கணக்கெழுதிக் கையெழுத்திடுவதுதான் மேலாண்மையா?

மற்றொருபுறம், அதே சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்படி, தனியார் பள்ளிகளில் சேரும் ஏழைப் பிள்ளைகட்கான கட்டணத்தை அரசே செலுத்துகின்றது. ஏழைப் பிள்ளை பயில்வதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அப்பணம் பெரும்பாலும் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகட்கே போய்ச் சேர்கின்றது. அப்பிள்ளை ஊர்ப்பள்ளியின் வருகைப் பதிவேட்டிலிருந்து மறைகின்றது. எண்ணிக்கை குறைந்தால் நல்கை குறையும், ஆசிரியர் குறைவர், ஆசிரியர் குறைந்தால் எஞ்சிய பிள்ளைகளும் வெளியேறும். இறுதியில் பள்ளிக்குப் பூட்டு! 2019-இல் பிள்ளைகளே இல்லாமற்போன 46 பள்ளிகளை நூலகமாக்கப்போவதாக அரசு அறிவித்ததை நினைவு கூர்க. பொதுப்பணத்தைக் கொண்டே பொதுப்பள்ளியை வெறுமையாக்கும் சூழ்ச்சி வேறெந்நாட்டில் இவ்வளவு அமைதியாக நடக்கும்?

இனிப் பயனைப் பார்ப்போம். 2012–13-ஆம் கல்வியாண்டு முதல், செயலலிதா அம்மையார் ஆட்சியில், அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பெற்றன. பின்வந்த ஆட்சியும் அவற்றை மூடவில்லை. ஈராசிரியர் பள்ளியில் இதன் பொருள் என்ன? ஐந்து வகுப்பு, இருவழி. ஆகப் பத்துப் பிரிவு. கற்பிப்போர் இருவர்! ஓர் அறையிலேயே ஒரு மூலையில் தமிழ்நூல், மறுமூலையில் ஆங்கிலநூல். ஆசிரியர் ஆங்கிலநூலைத் தமிழிலேயே விளக்குகின்றார். பிள்ளையோ பொருளறியாது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுகின்றது. ஆங்கிலமும் வரவில்லை; தமிழும் நிலைக்கவில்லை.

'பிரதம்' என்னும் அமைப்பு ஊரகப் பிள்ளைகளிடையே எடுக்கும் 'ஏசர்' ஆய்வின்படி, 2022-இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைப் படிக்க வல்லவர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. அனைத்திந்திய அளவில் அது நூற்றுக்கு இருபதுக்குச் சற்று மேல். 2024-இல் நிலை சற்றே உயர்ந்தும் நூற்றுக்குப் பதினைந்தை எட்டவில்லை. இஃது அரசுப்பள்ளிப் பிள்ளைகளோடு தனியார்பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு என்பதை மறவற்க. பெருந்தொற்றால் 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை தொடக்க வகுப்புகள் மூடியிருந்தமை ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்னரும் நிலை பெருமைப்படத்தக்கதாய் இருந்ததில்லை. உயர்கல்விச் சேர்க்கையில் இந்தியாவிலேயே முன்னிற்கும் தமிழ்நாட்டின் அடிமரம் இப்படி உளுத்திருப்பதை நாம் மறைத்துப் பயனில்லை.

'நீதிமன்றம் தடுக்கின்றது, என் செய்வது?' என்பார் உளர். தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்விக்கென 1999-இல் தமிழ்நாட்டரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் நீக்கியது உண்மை. கருநாடக வழக்கில் 2014-இல் உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. ஆனால் அவ்வழக்கில் நின்றவர் தனியார் பள்ளியினர். அரசு தன் பணத்தில் தான் நடத்தும் பள்ளியைத் தமிழில் நடத்துவதை எந்தத் தீர்ப்புத் தடுத்தது? கல்வியுரிமைச் சட்டமே, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கின்றது. தடை நீதிமன்றத்தில் இல்லை. ஆள்வோர் நெஞ்சில் இருக்கின்றது.

'பள்ளியை ஊரிடம் கொடுத்தால் சாதிவெறியரிடம் அன்றோ கொடுத்ததாகும்?' என்று கேட்பாரும் உளர். இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. ஆகவேதான், ஆசிரியரின் அமர்த்தமும் ஊதியமும் இடமாற்றமும் மாநிலத்திடமே இருக்கட்டும் என்கின்றோம். மன்றத்தில் பெண்கட்குப் பாதியும், ஒடுக்கப்பட்டோர்க்கு அவர்தம் பிள்ளைகளின் தொகைக்கேற்ற இடமும் சட்டத்தால் உறுதி செய்யப்பெறல் வேண்டும். சாதி இருக்கின்றது என்பதற்காக ஊராட்சியே வேண்டாவென்றால், அதே காரணத்தால் சட்டமன்றத்தையும் மூடவேண்டியிருக்கும்!

நாம் கேட்பவை இவை. ஒன்றியந்தோறும் பெற்றோரும் ஆசிரியரும் ஊராட்சி உறுப்பினரும் அமர்ந்த, தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி மன்றம் வேண்டும். அதற்கெனத் தனி நிதி வேண்டும். பிள்ளைகளின் தொகையோடு பள்ளியின் தேவையையும் கருதி, மாநிலம் அதனை ஆண்டின் தொடக்கத்திலேயே நேரே செலுத்தவேண்டும். வரவுசெலவைப் பள்ளிச் சுவரில் எழுதி, ஆண்டுக்கு ஆறுமுறை கூடவேண்டிய ஊரவையில் படித்துக்காட்டல் வேண்டும். எத்தனைப் பிள்ளைகள் தமிழைப் பிழையறப் படிக்கின்றனர் என்பதும் அங்கேயே சொல்லப்பெறல் வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தமிழே பயிற்றுமொழி, ஆங்கிலம் ஒரு மொழிப்பாடம், வகுப்புக்கோர் ஆசிரியர். கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வரவேண்டும் என்னும் கோரிக்கையை இவற்றினின்று பிரிக்கவியலாது.

இறுதியாக, தமிழன்பர்கட்கு ஒரு சொல். தமிழ்ப்பெயர் தாங்கிய பிள்ளையைக் கழுத்துப்பட்டை கட்டி ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, மாலையில் மொழிகாக்கும் கூட்டத்திற்கு வருவோர் நம்மிடையே உளர். அவர்தம் பிள்ளை ஏறிச்சென்ற இடம், ஊர்ப்பள்ளியில் ஓர் எண் குறைந்த இடம். இவ்வாண்டுச் சேர்க்கையின்போது அவர்கள் தம் பிள்ளையின் கையைப் பிடித்து ஊர்ப்பள்ளிக்கு அழைத்துச் செல்க. பிள்ளையில்லாதார் அடுத்த ஊரவையில் எழுந்து நின்று பள்ளியின் வரவுசெலவைக் கேட்க. சொல்லாவிடின் மறுமுறையும் கேட்க. தன் ஊர்ப்பள்ளியை ஆளத் தெரிந்த மக்களைத் தில்லியும் ஏய்க்கவியலாது, சென்னையும் ஏய்க்கவியலாது.