ரேகை தேய்ந்தால் அரிசி இல்லையா?

நம் ரேஷன் கடைகளுக்கு 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020-ல் கைரேகை மெஷினும் வந்து சேர்ந்தது. நம் பங்கு அரிசியை இன்னொருத்தர் வாங்கிப் போக முடியாது, நல்லதுதான்! ஆனால், ஆயுசு பூரா பாத்திரம் தேய்த்த என் மாமியாரின் விரலில் ரேகைக்கு எங்கே போவது?

சகோதரிகளே, மெஷின் மறுத்தால் வெறும் பையோடு திரும்பாதீர்கள். கருவிழி பார்க்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். நடமாட முடியாத பெரியவர்கள் தங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பப் படிவம் இருக்கிறது. கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள். போன் நம்பர் மாறியிருந்தால் கார்டிலும் மாற்றிவிடுங்கள். புகார் சொல்ல 1967.

நாளைக்கு எல்லா உதவியும் மெஷின் வழியாகத்தான் வருமாம். வரட்டுமே! அது தடுமாறும்போது விசாரிக்க ஒரு மனுஷர் அங்கே இருக்கணும். அதை நாம்தான் வாய்விட்டுக் கேட்கணும், இல்லையா?